எதிராளி தேவை, ஒன்பது நாள் அவகாசம்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதனால சொல்லல. எழுதியே ஆகணும்ங்கிற மாதிரி ஒரு விஷயம் போன குற்றால சீசன்ல நடந்தது. எழுதினா நம்ம மானமும் கொஞ்சம் போகுமேன்னு இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். போனா போகுது, விடுங்க :-)

வீட்டிலிருந்தே வேலை பாக்க ரெண்டு வாரம் அனுமதி வாங்கிட்டு தென்காசி போயிருந்தேன். தென்காசிக்காரனுக்கு ஜூலை மாசம் ஊருக்குப் போகக் காரணம் எதுவும் வேண்டாம். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல நின்னா ஆளைத் தள்ளுற காத்து, முகத்துல ஊசி மாதிரி விழுற சாரல், பக்கத்துல அஞ்சு கிலோமீட்டர்ல அருவி. அங்க இருந்துகிட்டே ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுப் பேசுற சுகம் இருக்கே... சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க சித்தி பையன் ஒருத்தன் இருக்கான். வயசு இருபத்திமூணு. இன்ஜினியரிங் முடிச்சிட்டு, 'ஒரு வருஷம் டைம் குடுங்க'ன்னு வீட்ல கேட்டு வாங்கி, பெங்களூர்ல ஒரு ஜிம்ல எம்எம்ஏ பழகுறான். அதான், கம்பிக்கூண்டுக்குள்ள ரெண்டு பேரு குத்து, உதை, மல்லுக்கட்டு, கழுத்துப்பிடி எல்லாம் கலந்து அடிச்சிக்குவாங்களே, மிக்ஸ்ட் மார்ஷியல் ஆர்ட்ஸ், அது. ஒரு ரவுண்டு அஞ்சு நிமிஷம், பொதுவா மூணு ரவுண்டு. தம்பி அதுவரைக்கும் மூணு ஃபைட் போட்டிருந்தான். ரெண்டு ஜெயிப்பு, ஒரு தோல்வி. சித்திக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவன் 'கராத்தே மாதிரி ஏதோ ஒண்ணு' கத்துக்கிறான்.

அன்னைக்கு பேரருவியில ஆர்ச்சை ஒட்டித் தண்ணி விழுந்துகிட்டிருந்ததால போலீஸ் குளிக்க விடல. ஐந்தருவிக்குப் போயி குளிச்சிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாசனையோட வெளிய வந்தோம். ஒரு கடை ஓரமா நின்னு மங்குஸ்தான் பிரிச்சிகிட்டிருக்கும்போது தம்பிக்கு ஒரு போன். பேசி முடிச்சிட்டு வந்தவன் முகத்துல ஈ ஆடல.

"என்னல?"

"ஒரு ஃபைட் இருக்காம்ணே. பெங்களூர்ல. ஒருத்தன் காயம்னு விலகிட்டானாம். எதிராளி வேணும்னு கேக்காங்க."

"எப்போ?"

"ஒன்பது நாள்ல."

எதிர்ல யாருன்னு கேட்டேன். ஏழு ஃபைட், ஏழும் ஜெயிப்பு. உள்ளூர்க்காரன். அவன் ஜிம் ஆளுங்களும் கூட்டாளிகளும் வாங்குற டிக்கெட்லயே பாதி ஹால் ரொம்பிடுமாம். அவன் எடைப்பிரிவு 66 கிலோ. தம்பி அன்னைக்கு நின்ன எடை 73.

அதாவது மக்களே, அந்த நிகழ்ச்சியோட ஸ்டாருக்கு விழுந்து குடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளா வர்றியான்னு எங்க வீட்டுப் பையனைக் கேட்டிருக்காங்க. நாகரிகமாத்தான் கேட்டாங்க, பணமும் சொன்னாங்க. ஆனா விஷயம் அதுதான்.

அன்னைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து வச்சி உக்காந்துட்டேன். சாஃப்ட்வேர்க்காரனுக்குக் கவலை வந்தா என்ன பண்ணுவான்? எக்செல் ஷீட் போடுவான். பெரிய ஸ்டாருங்க எதிராளியை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு ஒவ்வொண்ணா எழுத ஆரம்பிச்சேன். நான் பாத்த வரைக்கும் சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படை. யாரோட யாருன்னு பொருத்தம் பாத்து முடிக்கிறதுக்கு அமைப்புல ஒரு ஆள் இருப்பாரு. மேட்ச்மேக்கர். நம்ம ஊரு கல்யாணத் தரகர் மாதிரி. சாதாரண வீரனுக்கு அவரு ஒரு பேரைச் சொல்லுவாரு. 'சரி'ன்னா ஃபைட், 'வேண்டாம்'னா காத்திரு. ரெண்டு மூணு தடவை வேண்டாம்னு சொன்னவனுக்கு போன் வர்றது குறைஞ்சிடும். ஸ்டார் கதை வேற. அங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே பொண்ணு லிஸ்ட்டைக் குடுப்பாங்க. அவன் பேருக்குத்தான் டிக்கெட் விக்குது, அதனால அவன் பேச்சு எடுபடும்.

அந்த ஸ்டார் பாக்குற கணக்கு, 'இவனை நான் ஜெயிப்பேனா'ங்கிறது மட்டும் இல்ல. ஜெயிச்சா எனக்கு என்ன கிடைக்கும், தோத்தா என்ன போகும்ங்கிறதுதான். பேர் தெரியாத, பயங்கர திறமைசாலியான ஒரு புதுப்பையன்தான் இருக்கிறதுலயே மோசமான எதிராளி. ஜெயிச்சா 'இவன் யாருன்னே தெரியாதே'ம்பாங்க. தோத்தா எல்லாம் போச்சு. வயசான, பேர் பெத்த ஆளுதான் இருக்கிறதுலயே லாபமான எதிராளி.

இங்கிலாந்துக்காரர் மைக்கேல் பிஸ்பிங் கதை இதுக்கு நல்ல உதாரணம். 2016 ஜூன்ல யூஎஃப்சி மிடில்வெயிட் சாம்பியன் லூக் ராக்ஹோல்டோட மோத வேண்டியவர் கிறிஸ் வைட்மன். அவருக்குக் காயம். 17 நாள் அவகாசத்துல பிஸ்பிங்கைக் கூப்பிட்டாங்க. 2014-ல இதே ராக்ஹோல்டுகிட்ட தோத்தவர் அவரு. யாரும் எதிர்பார்க்கல, முதல் ரவுண்டுலயே அடிச்சி விழ வச்சி பெல்ட்டைத் தூக்கிட்டாரு.

இனிமே அவரு ஸ்டார். முதல் தடவையா பெல்ட்டைக் காப்பாத்த வரிசையில முன்னாடி நின்ன இளசுங்க யாரோடயும் மோதல. டான் ஹெண்டர்சன். வயசு 46, தரவரிசையில பத்துக்கும் கீழ. 2009-ல பிஸ்பிங்கை மூர்ச்சையாக்கின ஆளு. பழைய பாக்கி ஒண்ணு இருக்குல்லா! அந்த அக்டோபர்ல மான்செஸ்டர்ல, பிஸ்பிங்கோட சொந்த நாட்டுல சண்டை. புள்ளிக் கணக்குல பிஸ்பிங் ஜெயிச்சாரு. அடுத்த வருஷம் நவம்பர்ல என்ன ஆச்சு தெரியுமா? நாலு வருஷம் ஓய்வுல இருந்த ஜார்ஜ் செயின்ட் பியர்ங்கிற இன்னும் பெரிய ஸ்டார் திரும்பி வந்தாரு. வேற எடைப்பிரிவுக்காரர், நேரா பிஸ்பிங்கோட மோதி மூணாவது ரவுண்டுல கழுத்தை நெரிச்சி பெல்ட்டை வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒரே ஆளு, ஒன்றரை வருஷத்துக்குள்ள அவசரத்துக்குக் கூப்பிடப்பட்டவன், தேர்ந்தெடுக்கிறவன், தேர்ந்தெடுக்கப்பட்டவன்னு மூணு வேஷமும் கட்டியாச்சு.

தேர்ந்தெடுக்கிறதுல எல்லாரும் பாதுகாப்பா மட்டுமே ஆடுறாங்கன்னு சொல்ல முடியாது. கோனர் மெக்ரிகர் 2016 மார்ச்ல ரஃபேல் டோஸ் அஞ்சோஸோட மோத வேண்டியது. அவரு கால் உடைஞ்சி போச்சு. 11 நாள் முன்னாடி நேட் டியாஸ் வந்தாரு, ரெண்டாவது ரவுண்டுல மெக்ரிகர் கழுத்தைப் பிடிச்சாரு, மெக்ரிகர் தட்டிட்டாரு. கடைசி நிமிஷத்துல கூப்பிட்ட ஆள்கிட்ட உலகமே பாக்கத் தோல்வி. இதுக்கப்புறம் கீழ் எடைப்பிரிவுக்கு வந்து வேற ஆளைப் பாத்திருக்கலாம். அதே டியாஸ், அதே 170 பவுண்டு எடைன்னு அடம்பிடிச்சி, ஆகஸ்ட்ல அஞ்சு ரவுண்டும் ஆடி நூலிழையில ஜெயிச்சாரு. எனக்கு மெக்ரிகரோட வாயைச் சுத்தமா பிடிக்காது. ஆனா இந்த ஒரு விஷயத்துக்காக தொப்பியைக் கழட்டிடுவேன்.

மறுபக்கம் ஜான் ஜோன்ஸ். ஹெவிவெயிட் சாம்பியன். இடைக்காலப் பட்டத்தை 2023 நவம்பர்லயே வாங்கி வச்சிகிட்டு டாம் ஆஸ்பினால் காத்திருந்தாரு. ஜோன்ஸ் 2024 நவம்பர்ல மோதினது, 2021 மார்ச்சுக்கு அப்புறம் ஒரு சண்டைகூடப் போடாத, 42 வயசான ஸ்டீப்பே மியோசிச்சோட. ஜெயிச்சாரு. 2025 ஜூன்ல ஓய்வை அறிவிச்சாரு. ஆஸ்பினாலோட மோதவே இல்ல. கணக்குப்படி அவரு செஞ்சது சரிதான். ஆனா 'மோதியிருந்தா?'ங்கிற கேள்வி இனிமே அவரு பேர் பின்னாடியே வரும்.

இது ஒண்ணும் புது வியாதி இல்ல. 1910-ல நம்ம காமா பயில்வான் லண்டனுக்குப் போயி யாரு வேணா வாங்கன்னு சவால் விட்டாரு. அப்போ உலக சாம்பியனா இருந்த அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச் வரவே இல்ல. போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ வந்தாரு. செப்டம்பர் 10-ஆம் தேதி ரெண்டரை மணி நேரத்துக்கு மேல மண்ணோட மண்ணா படுத்துக் கிடந்தே டிரா பண்ணிட்டாரு. அடுத்த வாரம் மறுபடி மோத வேண்டிய நாள்ல ஆளையே காணோம், பட்டம் காமாவுக்கு. ஸ்பிஸ்கோ 1928-ல பாட்டியாலாவுக்கு வந்து மறுபடி மோதினாரு. ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சி போச்சு.

வடசென்னை பாக்ஸிங்லயும் இதே கதைதான். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு குழு குழுவா நின்னு ஆடின காலத்துல எதிராளி யாருங்கிறது குழுவோட மானப்பிரச்னை. 2021-ல வந்த ரஞ்சித் படத்துல பாத்திருப்பீங்க, வேம்புலியைத் தொடணும்னா கபிலன் முதல்ல டான்சிங் ரோஸைத் தாண்டணும். குத்துறதுக்குச் செலவாகுற நேரத்தைவிட, யாரு யாரோட குத்தணும்ங்கிற பேச்சுக்குத்தான் அந்தப் படத்துல ரத்தம் கொதிக்கும்.

இவ்வளவும் தேர்ந்தெடுக்கிறவங்க கதை. எக்செல்ல அடுத்த ஷீட்டைத் திறந்தேன். தேர்ந்தெடுக்கப்படுறவங்க கதை. அங்க எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அகிலன் தாணி.

கோலாலம்பூர்ப் பையன். ஒரு காலத்துல ரொம்ப குண்டா இருந்து, உடம்பைக் குறைக்கணும்னு ஜிம்முக்குப் போயி, அப்படியே ஃபைட்டர் ஆனவரு. ஒன் சாம்பியன்ஷிப் அமைப்புல அதுவரைக்கும் தோல்வியே இல்லாம வந்தவரை, 2017 மே 26-ஆம் தேதி சிங்கப்பூர்ல வெல்டர்வெயிட் சாம்பியன் பென் ஆஸ்க்ரெனோட மோத விட்டாங்க. ஆஸ்க்ரென் யாரு? 2008 பீஜிங் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்காக மல்யுத்தம் ஆடினவரு, அவரும் தோல்வியே காணாதவரு. அகிலனுக்கு அப்போ 21 வயசு. முதல் ரவுண்டுலயே கீழ தள்ளிக் கழுத்தைப் பூட்டிட்டாரு. முடிஞ்சது.

அகிலன் அதோட காணாமப் போகல. 2019 ஜூன் 15, ஷாங்காய். ஜப்பான்ல சினிமா நட்சத்திரம் மாதிரி பேர் வாங்கின யோஷிஹிரோ அக்கியாமா மூணரை வருஷம் கழிச்சி கூண்டுக்குத் திரும்பி வர்றாரு. திரும்பி வர்ற ஸ்டாருக்கு எதிர்ல நிறுத்தின ஆளு நம்ம அகிலன். போஸ்டர்ல பெரிய முகம் யாரோடதுன்னு சொல்லவே வேண்டாம். மூணு ரவுண்டு ஆடி, மூணு நடுவர்களும் அகிலனுக்குக் குடுத்தாங்க. அடுத்தவனோட திருவிழாவுக்கு வந்து தேரை இழுத்துட்டுப் போறதுன்னா இதுதான்!

ஆக, கூப்பிடப்படுறது கேவலம் இல்ல. ஆனா பிஸ்பிங், டியாஸ், அகிலன் எல்லாரையும் பாத்தா ஒண்ணு தெரியுது. அவங்க உடம்பும் அனுபவமும் அந்தக் கூண்டுக்குத் தயாரா இருந்தது. எங்க தம்பிக்கு மொத்தமே மூணு ஃபைட். ஷீட்டோட கடைசி வரியில சிவப்புக் கலர்ல 'வேண்டாம்'னு போட்டுட்டுப் படுத்தேன்.

மறுநாள் ராத்திரி பிரானூர் பார்டர்ல ஒரு கடையில உக்காந்திருந்தோம். பழைய திருவிதாங்கூர் எல்லைங்கிறதால அந்த இடத்துக்கு இன்னும் பார்டர்னுதான் பேரு. பரோட்டா வர்றதுக்குள்ள என் கண்டுபிடிப்பை எல்லாம் கொட்டினேன். தோத்தா 2-2 ஆயிடும், அதுக்கப்புறம் யாரு கூப்பிடுவா, நல்ல ரெக்கார்டு இருந்தாத்தான் பேரம் பேச முடியும், இப்போதைக்கு நீ ஜெயிக்கக் கூடிய ஆளாப் பாத்து எடு. ஒரு பத்து நிமிஷம் விடாம பேசியிருப்பேன்.

அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, சால்னாவை ஊத்திகிட்டே கேட்டான்.

"எண்ணே, நீ கடைசியா தோத்துருவோம்னு தெரிஞ்சே ஆடினது எப்போ?"

"அது எதுக்குல இப்போ?"

"கேரம்போர்டு ஞாபகம் இருக்கா?"

எனக்குப் பரோட்டா தொண்டையில நின்னுட்டு.

அது ஒரு கோடை லீவு. நான் பத்தாம் வகுப்பு எழுதிட்டு இருந்தேன். எங்க தெருமுனை மன்றத்துல கேரம்ல நான்தான் ராஜா. தொடர்ச்சியா மூணு லீவு, யாரும் என்னை ஜெயிச்சது இல்ல. பக்கத்துத் தெரு பரோட்டா கடையில மாவு பிசையுற பையன் ஒருத்தன், என் வயசுதான், கடை மூடினப்புறம் தனியா ஆடிப் பழகுவான். அவன் ஆட்டத்தைப் பாத்த பெரியவங்க, 'அந்தப் பயல் கை வேற மாதிரி'ம்பாங்க. ஒருநாள் சாயங்காலம் வந்து நின்னு, "ஒரு போர்டு போடுவோமா?"ன்னு கேட்டான். சுத்தி பத்து பேரு.

"பவுடர் இல்ல, நாளைக்குப் பாப்போம்"னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டேன். மறுநாள் வேற சாக்கு. அப்புறம் ஸ்கூல் திறந்துட்டு. மன்றத்து ராஜா தோக்காமலே ஓய்வு பெற்றாரு. யாருக்கும் தெரியாதுன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன்.

"எனக்குப் பவுடர் போடுற வேலை குடுத்திருந்த. டப்பா என் கையிலதான்ணே இருந்துச்சி. முக்கால் டப்பா பவுடர் இருந்துச்சி"ன்னான் தம்பி. சிரிக்கல, குத்திக் காட்டவும் இல்ல. சும்மா சொன்னான்.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அப்புறம் யோசிச்சா, பத்தாவதுல இருந்து நான் அப்படித்தான். தெரிஞ்ச பாடமா பாத்து எலெக்டிவ் எடுத்தேன். ஆபீஸ்ல யாருமே தொடப் பயப்படுற மாடியூல் வந்தா, 'எனக்கு ஏற்கனவே வேலை இருக்கு'ன்னு கையைக் காட்டுவேன். நானும் ஸ்டார் மாதிரிதான் எதிராளியைத் தேர்ந்தெடுத்திருக்கேன். என்ன, ஸ்டாரா ஆகுறதுக்கு முன்னாடியே தேர்ந்தெடுத்துட்டேன்.

"அப்போ ஒத்துக்கப் போறியா?"ன்னு கேட்டேன்.

"இல்ல"ன்னான். "அவன்கிட்ட தோக்குறதுக்குப் பயம் இல்லண்ணே. ஒன்பது நாள்ல ஏழு கிலோ. அதுதான் பயம்."

அவன் சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சது. 2015 டிசம்பர்ல, மணிலாவுல நடக்க வேண்டிய போட்டிக்காக எடையைக் குறைச்ச சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்துபோனாரு. வயசு 21. உடம்புல இருக்கிற தண்ணியை வத்த வச்சி எடை இறக்குற பழக்கம். அதுக்கு அப்புறம்தான் ஒன் சாம்பியன்ஷிப் அந்த முறைக்கே தடை போட்டு, உடம்புல தண்ணிச்சத்து இருக்கான்னு சோதிக்க ஆரம்பிச்சாங்க. என் எக்செல்ல பேரு, ரெக்கார்டு, பணம் எல்லாத்துக்கும் காலம் இருந்தது. உயிருக்குக் காலம் இல்ல.

அங்கேயே, கை கழுவிட்டு வந்து, போன் போட்டான். "ஆளு அவரே இருக்கட்டும் சார். எடை 70 கிலோ, ஆறு வாரம் டைம் குடுங்க. எங்க வேணா வாரேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு கேக்கல. "சரி சார், பரவால்ல சார்"னு வச்சிட்டான். வேற ஆள் பாத்துக்கிறாங்களாம்.

பாத்தாங்க. ஒன்பதாம் நாள் தம்பி மொபைல்ல அந்த ஃபைட்டைப் பாத்தோம். வேற ஒரு பையன் போயி நின்னான். கண்ணெல்லாம் உள்ள போயி, கன்னம் ஒட்டி இருந்தான். முதல் ரவுண்டுலயே முடிஞ்சிட்டு. தம்பி போனைக் கவுத்தி வச்சிட்டு மாடிக்குப் போயிட்டான். 'நல்லவேளை'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தப் பையன் வீட்லயும் யாராவது எக்செல் போட்டிருப்பாங்களோ என்னமோ.

அப்புறம் ரெண்டு மாசம் போன் வரல. சித்தி 'வேலைக்கு எப்பம்ல போவ?'ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. மூணாவது மாசம் வந்தது. அதே ஆள், 70 கிலோ, ஏழு வாரம். நான் பெங்களூர் போயி நேர்ல பாத்தேன். மூணு ரவுண்டும் முழுசா ஆடினான். ரெண்டாவது ரவுண்டுல அந்த உள்ளூர் ஸ்டாரைத் தூக்கிக் கீழ போட்டான் பாருங்க, ஹால் முழுக்க ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. என்னைத் தவிர! மூணு நடுவர்களும் 29-28, ஆனா எதிராளிக்கு. எங்க ஆளு தோத்துட்டான்.

கண்ணு வீங்கி, பாதிப் பணத்தை வாங்கிகிட்டு (ஜெயிச்சாத்தான் மீதி) வெளிய வந்தவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எண்ணே, அந்தத் தூக்குனதை வீடியோ எடுத்தியா?" எடுக்கல. கத்திகிட்டுல்லா இருந்தேன்.

இப்போ எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். எதிராளியைத் தேர்ந்தெடுக்கிற வசதி ரொம்பச் சில பேருக்குத்தான் கிடைக்கும். மத்தவங்களுக்கு ஒரு போன் வரும், அவ்வளவுதான். ஆனா எந்த நிலையில போயி நிப்பேன்னு சொல்ற உரிமையை அவங்களும் விட்டுடக் கூடாது. 'இப்போ முடியாது, இந்தத் தேதியில வர்றேன்'னு சொல்றதும், 'பவுடர் இல்ல'ன்னு சொல்றதும் வெளியில இருந்து பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும். சொன்னவனுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். டப்பா வச்சிருந்தவனுக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ விசாரிச்சேன். அந்த மாவு பிசைஞ்ச பையன் இப்போ சொந்தமா கடை வச்சிருக்கான். கடை மூடினப்புறம் பின்னாடி இன்னும் ஒரு கேரம்போர்டு கிடக்காம். ராத்திரி பதினோரு மணிக்குப் போயி நின்னேன். அவனுக்கு என்னை அடையாளமே தெரியல. நான் ராஜாவா இருந்ததும் ஞாபகம் இல்ல, அவன் கேட்டு நான் ஓடினதும் ஞாபகம் இல்ல.

"ஒரு போர்டு போடுவோமா?"ன்னு கேட்டேன்.

"போடலாம் அண்ணாச்சி, ஆனா பவுடர் தீந்து போச்சே"ன்னான்.

பையில இருந்து புது டப்பாவை எடுத்து வச்சேன்.

25-க்கு 6. அந்த ஆறும் அவன் விட்டுக் குடுத்ததுன்னு நினைக்கேன்.

டிஸ்கி: சித்தி இந்தப் பக்கமெல்லாம் வர மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் எழுதியிருக்கேன். யாராவது போட்டுக் குடுத்தா, அடுத்த ஃபைட் எனக்கும் சித்திக்கும்தான். அதுல எடை, தேதி எதுவும் நான் கேக்க முடியாது :-)